"பச்சை வரலை, மெசேஜ் போகலை": ஜாபர் பழுதுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு பழைய கணினியில் தொடங்கியது எங்கள் ஜாபர் சர்வர், அதாவது வாட்ஸ்அப் மாதிரி செய்தி அனுப்பிக்கொள்ள நாங்களே நடத்தும் சர்வர். இப்போது வாடகை சர்வரில் ஓடுகிறது. நாற்பது பேருக்குக் கணக்கு இருக்கிறது. பாதிப் பேர் புதுச்சேரி. மற்றவர்கள் கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம், நெல்லிக்குப்பம். நான்கு பேர் பிரான்ஸில். எல்லாரும் சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் நண்பர்கள். ஏழு வருடமாக இதைப் பார்த்துக்கொள்பவன் நான்தான், அதனால் பழுது என்றால் போன் எனக்குத்தான் வரும். திரும்பத் திரும்ப வருவது ஒன்பது புகார்கள்தான். அவர்கள் போனில் சொல்லும் வார்த்தைகளையே கீழே தலைப்புகளாக வைத்திருக்கிறேன்.

ஜாபர் என்பது 1999-இல் வந்த பெயர். தரமாக்கப்பட்ட பிறகு எக்ஸ்எம்பிபி என்று பெயர். மின்னஞ்சல் மாதிரிதான்: யாரும் சர்வர் வைக்கலாம், எந்த ஆப்பிலிருந்தும் பேசலாம், ஒரு சர்வர்க்காரர் இன்னொரு சர்வர்க்காரரோடும் பேசலாம். எங்கள் சர்வரில் ஓடும் மென்பொருள் புரோசடி. பேசும் ஆப், ஆண்ட்ராய்டில் கான்வர்சேஷன்ஸ், ஐபோனில் மோனல், கணினியில் கஜிம் அல்லது டினோ. உங்கள் சர்வர் இஜாபர்டி என்றால் கட்டளைகள் மாறும், பார்க்கும் வரிசை மாறாது.

## எதையும் தொடுவதற்கு முன் இரண்டு கேள்வி

"உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" இது முதல் கேள்வி. ஒருவருக்கு மட்டும் என்றால் பழுது அவர் போனில் இருக்கிறது. எல்லாருக்கும் என்றால் சர்வரில். நம் ஆட்களுக்குள் பேச முடிகிறது, வெளி சர்வர்க்காரர்களோடு மட்டும் முடியவில்லை என்றால் இரண்டு சர்வர்களுக்கும் நடுவில்.

"வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தாயா?" இது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் நாற்பது பேரின் இணைப்பும் அறுந்து புதிதாக ஏற்படும். பழுது தற்காலிகமாக மறையும், காரணம் தெரியாமலே போகும். அடுத்த வாரம் அதே பழுது வந்து நிற்கும்.

## "உள்ளேயே போக முடியலை"

### ஒருவருக்கு மட்டும்

முதலில் முகவரி. நெல்லிக்குப்பத்துச் சித்தி மூன்று நாள் முயன்றுவிட்டு, பேருந்து ஏறி இங்கேயே வந்துவிட்டார். போனை வாங்கிப் பார்த்தேன். முகவரி சரியாகத்தான் தெரிந்தது. கர்சரை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தியபோதுதான் தெரிந்தது, டொமைனில், அதாவது @ குறிக்குப் பின் வரும் சர்வர் பெயரில், புள்ளிக்குப் பிறகு ஒரு இடைவெளி. வாக்கியம் முடிந்துவிட்டது என்று நினைத்து விசைப்பலகை அதுவாகவே போட்டது. முகவரியை முழுக்க அழித்துவிட்டு, இடைவெளி விழாமல் புதிதாகத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். போன் எண்ணை முகவரிக் கட்டத்தில் போடுகிறவர்களும் உண்டு. வேறு ஆப்களில் அப்படிப் பழகியிருப்பார்கள், கோபப்பட வேண்டாம்.

அடுத்து பாஸ்வேர்ட். முகவரியில் முதல் எழுத்து பெரிதாக விழுந்தால் பாதகமில்லை, பாஸ்வேர்டில் விழுந்தால் உள்ளே விடாது. இரண்டு முறை முயன்றும் போகவில்லை என்றால் யூகிக்க விடாதீர்கள். சர்வரில் புரோசடியை நிர்வகிக்கும் புரோசடிசிடிஎல் கட்டளையால் புது பாஸ்வேர்ட் போட்டுக் கொடுங்கள், ஒரு நிமிட வேலை.

அப்புறம் தேதி. பேட்டரி முழுக்கத் தீர்ந்த பழைய போன் சில நேரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். நம் சர்வர் தன் அடையாளத்தைக் காட்டுவது ஒரு சான்றிதழால். போனின் தேதிப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் இணையாது. தேதியும் நேரமும் தானாக அமையும்படி விட்டால் சரியாகும்.

மொபைல் டேட்டாவில் போகிறது, அலுவலகத்திலோ கல்லூரி விடுதியிலோ வைஃபையில் போகவில்லை என்றால், அங்கே 5222 போர்ட்டை அடைத்திருக்கிறார்கள். ஜாபர் ஆப்கள் சர்வரோடு பேசும் வழக்கமான வாசல் அது. அவர்களிடம் கேட்டுத் திறக்க வைப்பது நடக்காத காரியம். இணையதளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட்டில் நேரடி டிஎல்எஸ் (குறியாக்க) இணைப்பை ஏற்கும்படி சர்வரை அமைத்து, டொமைன் பெயர்களின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ்ஸில் அதற்கான எஸ்ஆர்வி பதிவை (சேவை எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சொல்வது) சேர்த்தால், ஆப் அதைத் தானே கண்டுபிடித்து அந்த வழியாகப் போகும். அதே சர்வரில் இணையதளமும் 443-இல் ஓடினால் வருகிற இணைப்புகளைப் பிரித்து அனுப்ப வேண்டும். அந்த வேலையில் கை வைத்துப் பழக்கமில்லை என்றால் சர்வர் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். தவறினால் இணையதளமும் சேர்ந்து விழும்.

### எல்லாருக்கும்

இந்த வரிசையில் பாருங்கள்: சர்வருக்குள் நுழைய முடிகிறதா, புரோசடி ஓடுகிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, டொமைன் கட்டணம் கட்டியிருக்கிறதா. டிஸ்க் நிரம்புவதுதான் நான் அதிகம் பார்த்தது. படங்களைவிட, சர்வர் தன் நடப்பை எழுதி வைக்கும் லாக் கோப்புகள் வேகமாக நிரப்பும், அதுவும் பிழை தேடுவதற்காக விரிவான லாக்கைப் போட்டுவிட்டு மறந்திருந்தால். டொமைன் காலாவதி ஒரே ஒரு முறை நடந்தது, இரண்டு நாள் யாருக்கும் யாரும் இல்லை. இப்போது கட்டண நாளைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைக்கிறேன்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நுழைய முடியவில்லை என்றால் அடுத்த தலைப்பு.

## "சான்றிதழ் சரியில்லைன்னு கேக்குது, அமுக்கவா?"

அமுக்கக் கூடாது. இதை எங்கள் வீட்டில் எழுபது வயதுப் பெரியப்பாவிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளை வரை எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். "ஏற்றுக்கொள்" என்ற பொத்தான் கண்ணில் பட்டால் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

பத்தில் ஒன்பது முறை காரணம் எளியது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழ் வழக்கமாக 90 நாளைக்குத்தான் செல்லும். சர்வர் அதைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் புதிய கோப்பு புரோசடியின் கைக்கு வந்து சேர்ந்திருக்காது. இணையதளம் புதிய சான்றிதழைக் காட்டும், ஜாபர் வாசல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். உலாவியில் பூட்டுப் படம் வருகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், அது வேறு வாசல்.

பார்க்க வேண்டியவை:

- புரோசடிசிடிஎல்லின் செக் கட்டளையை ஓட்டுங்கள். சான்றிதழ், டிஎன்எஸ், அமைப்புக் கோப்பு மூன்றையும் அது பார்த்துச் சொல்லும். நானே கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் தவறை ஒரே வரியில் காட்டியிருக்கிறது.
- சான்றிதழைப் பார்க்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவி கொண்டு 5222 போர்ட்டுக்கு வெளியிலிருந்து இணைந்து, அங்கே காட்டப்படும் சான்றிதழின் முடிவு நாளைப் பாருங்கள்.
- பழையது என்றால் புரோசடிசிடிஎல்லின் செர்ட் இம்போர்ட் வழியாகப் புதியதைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் அது தானாக நடக்கும்படி சான்றிதழ் கருவியிலேயே அமைத்துவிடுங்கள்.
- படங்கள் ஏற்றுவதற்கும் குழுக்களுக்கும் தனித் துணை டொமைன்கள் இருந்தால் அந்தப் பெயர்களும் சான்றிதழில் இருக்க வேண்டும்.

லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு காலாவதி பற்றி மின்னஞ்சல் அனுப்பும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த மின்னஞ்சலை நம்பி இருந்தவர்கள் இனி நாட்காட்டியை நம்புங்கள்.

மீதமிருக்கும் அந்தப் பத்தாவது முறைக்காகத்தான் அமுக்கக் கூடாது என்கிறேன். 2023 அக்டோபரில் ஜாபர்.ஆர்யூ என்ற பெரிய சர்வரின் பொறுப்பாளருக்கு "சான்றிதழ் காலாவதி" என்று பிழை வந்தது. அவர் சர்வரில் போய்ப் பார்த்தால் அங்கிருந்த சான்றிதழ்கள் எதுவும் காலாவதியாகவில்லை. இணைபவர்களுக்குத் தெரிந்த சான்றிதழ் அவருடையதே அல்ல. நடுவில் யாரோ பல மாதமாக உட்கார்ந்து செய்திப் போக்குவரத்தை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய போலிச் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்ததால்தான் வெளியே வந்தது.

அதனால் வரையறை இதுதான்: வெளியிலிருந்து தெரியும் சான்றிதழின் கைரேகையும் (அதற்கே உரிய அடையாள எண்) சர்வரில் உள்ள கோப்பின் கைரேகையும் பொருந்த வேண்டும். புரோசடியை மறுபடி ஏற்றிய பிறகும் பொருந்தவில்லை என்றால் நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள். எதையும் அழிக்காமல், பாதுகாப்பு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## "பச்சைப் புள்ளி வரலை"

ஒருவர் இணைப்பில் இருக்கிறார் என்று ஆப் காட்டும் அடையாளம் இந்தப் புள்ளி. அதிகம் வரும் புகார் இதுதான். பெரும்பாலும் எந்தப் பழுதும் இருக்காது.

### ஒரு குறிப்பிட்ட ஆளின் புள்ளி மட்டும் வரவில்லை

நான் இருப்பதை நீ பார்ப்பதற்கு நான் அனுமதி தர வேண்டும். நீ இருப்பதை நான் பார்ப்பதற்கு நீ தர வேண்டும். இரண்டும் தனித்தனி. ஒருவர் கேட்டு மற்றவர் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்காமல் விட்டால் ஒருவழிப் பாதையாகிவிடும். அத்தைக்கு மருமகனின் புள்ளி தெரியும், மருமகனுக்கு அத்தையின் புள்ளி தெரியாது.

கஜிம் போன்ற கணினி ஆப்பில் அந்த நபரின் விவரத்தைத் திறந்தால் சந்தா நிலை, அதாவது யார் யாருக்கு அனுமதி தந்திருக்கிறார் என்பது தெரியும். இரு பக்கமும் என்று இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் என்றால் விடுபட்ட பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கோரிக்கை நிலுவையில் இருக்கிறது என்று காட்டினால் எதிராளி இன்னும் சரி சொல்லவில்லை. போன் செய்து, "தெரியாத ஆள் மாதிரி ஒரு கோரிக்கை வந்திருக்கும், அது நான்தான்" என்று சொல்லுங்கள். எரித (ஸ்பேம்) தொல்லைக்குப் பயந்து பலர் அதைத் தள்ளிவிட்டிருப்பார்கள்.

### இரண்டு பக்கமும் அனுமதி இருக்கிறது, ஆனாலும் வரவில்லை

சர்வரை மாற்றிய பிறகோ பழைய காப்பியிலிருந்து மீட்ட பிறகோ இது நடக்கும். என் பட்டியலில் அனுமதி இருக்கும், அவர் சர்வரின் பட்டியலில் நான் இருக்கவே மாட்டேன். இரண்டு சர்வரும் வெவ்வேறு கதையை நம்பிக்கொண்டிருக்கும். இதற்கு ஒரே மருந்துதான்: இருவருமே ஒருவரை ஒருவர் தொடர்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. ஒருவர் மட்டும் நீக்கினால் போதாது. வீட்டு மாடியிலிருந்து வாடகை சர்வருக்கு மாறியபோது பிரான்ஸில் இருக்கும் மச்சானோடு இதைச் செய்ய இரண்டு இரவு போனது. அவர் தூங்கும் நேரத்தில் நானும், நான் தூங்கும் நேரத்தில் அவரும் நீக்கிக்கொண்டிருந்தோம். போனில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் செய்தால் ஐந்து நிமிடம்.

### ஆள் இல்லை, புள்ளி மட்டும் பச்சை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போனில் உள்ள ஆப் எப்போதும் சர்வரோடு இணைந்தே இருக்கும். அதனால் பச்சைப் புள்ளி என்றால் போன் இணைந்திருக்கிறது என்றுதான் பொருள், ஆள் திரையைப் பார்க்கிறார் என்று அல்ல. இரவு இரண்டு மணிக்குப் பச்சை தெரிகிறது, யாரோடு பேசுகிறான் என்று ஒரு வீட்டில் பெரிய சண்டையே வந்துவிட்டது. பையன் தூங்கிக்கொண்டிருந்தான், போன் விழித்திருந்தது. வெளியே, நீண்ட நேரம் வெளியே, தொந்தரவு வேண்டாம், பேசத் தயார் என்று நான்கு நிலைகள் இந்த நெறிமுறையிலேயே இருக்கின்றன. பயன்படுத்துபவர்தான் போட வேண்டும்.

இணைப்பு அறுந்த பிறகும் புள்ளி சிறிது நேரம் நிற்கும். சிக்னல் சட்டென்று போனால் சர்வருக்கு அது உடனே தெரியாது. தெரிந்த பிறகும், திரும்பி வந்துவிடுவார் என்று இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். புரோசடியில் இயல்பாக அது 600 விநாடி, அதாவது பத்து நிமிடம். செய்தி தொலையாமல் இருக்க இது தேவை, குறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தேவனாம்பட்டினத்தில் ஒரு அக்கா வீட்டில் தம்பி படகில் போகிறவர். கரையிலிருந்து சிக்னல் விட்டுப்போகும் வரை பச்சை தெரியும், போன பிறகும் கொஞ்ச நேரம் தெரியும். அக்கா அதை வைத்து, "இன்னும் பக்கத்துலதான் இருக்கான்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மழை இருட்டிய ஒரு மாலை அப்படிச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. அன்றே உட்கார்ந்து விளக்கினேன். பச்சைப் புள்ளியை வைத்து ஒருவர் பத்திரமாக இருக்கிறார் என்று முடிவு செய்யாதீர்கள். கடலுக்குப் போகிறவருக்கு வயர்லெஸ் கருவியும், கரையில் இன்ன நேரத்துக்குள் வருகிறேன் என்று சொன்ன வார்த்தையும்தான் கணக்கு.

### யாருடைய புள்ளியும் வரவில்லை

நீங்களே கண்ணுக்குத் தெரியாத நிலையிலோ இணைப்பில்லாத நிலையிலோ இருக்கிறீர்களா என்று பாருங்கள். சில போன் ஆப்களில் புள்ளியே பெரிதாகக் காட்ட மாட்டார்கள், அது அந்த ஆப்பின் வடிவமைப்பு. கணினியில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## "ஆப்பைத் திறந்தாத்தான் மெசேஜ் வருது"

### ஆண்ட்ராய்டு

பேட்டரி சேமிப்புதான் காரணம். சர்வரைத் தொடவே வேண்டாம். போன் அமைப்பில் அந்த ஆப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். அப்புறம் தானாகத் தொடங்க அனுமதி, பின்னணியில் டேட்டா பயன்படுத்த அனுமதி. சில தயாரிப்புகளில் இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தில் ஒளிந்திருக்கும். ஒன்றை விட்டாலும் பயனில்லை. அமைத்த பிறகு போனை ஒரு முறை அணைத்துப் போட்டு, திரையை அணைத்து அரை மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு, வேறு போனிலிருந்து செய்தி அனுப்பிப் பாருங்கள். உடனே சோதித்தால் எல்லாம் வேலை செய்வது போலத்தான் தெரியும். அரை மணிக்குப் பிறகுதான் போன் ஆழ்ந்து தூங்கும்.

மேலே எப்போதும் ஒரு அறிவிப்பு நிற்கிறதே என்று சிலர் அதை அணைத்துவிடுவார்கள். ஆப்பை உயிரோடு வைத்திருப்பதே அதுதான் என்றால் அதைத் தொடாதீர்கள். போன் மென்பொருள் புதுப்பிப்பு வந்த மறுநாள் மறுபடி இதே புகார் வரும். அமைப்புகள் பழைய நிலைக்குப் போயிருக்கும், மறுபடி போடுங்கள்.

### ஐபோன்

இங்கே ஆப் பின்னணியில் ஓடவே முடியாது. சர்வர்தான் தட்டி எழுப்ப வேண்டும். புரோசடியில் கிளவுட் நோட்டிஃபை மாட்யூல் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் ஐபோன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்தப் புகார் இருக்கும், போனில் என்ன மாற்றினாலும் தீராது. மாட்யூல் இருந்தும் வரவில்லை என்றால் போனில் நோட்டிஃபிகேஷன் அனுமதி, அப்புறம் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பது. ஓமீமோ பூட்டு (செய்தியைப் பேசுபவர்களின் கருவிகள் மட்டுமே திறக்கும்படி பூட்டும் முறை) பயன்படுத்துபவர்கள் கணக்கை நீக்குவதற்கு முன் கீழே "படிக்க முடியலை" பகுதியைப் படித்துவிடுங்கள்.

### இரண்டிலும், வீட்டு வைஃபையில் மட்டும்

சும்மா இருக்கும் இணைப்பை ரூட்டர் சத்தமில்லாமல் அறுத்துவிடுகிறது. ரூட்டரை அணைத்துப் போடுவது முதல் படி. தொடர்ந்தால் அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரூட்டரை மாற்றுவதுதான். வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டு வைஃபையில் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள், பணம் மிஞ்சலாம்.

## "போன்ல வந்துது, கம்ப்யூட்டர்ல வரலை"

ஒரே கணக்கை இரண்டு கருவியில் வைத்திருப்பவர்களுக்கு வருவது. சர்வரில் கார்பன்ஸும் செய்திக் காப்பகமும் இயங்க வேண்டும். ஒன்று உடனுக்குடன் நகல் அனுப்பும், மற்றது அணைந்திருந்த கருவி விழித்ததும் விட்டுப்போனதைக் கொடுக்கும். சர்வரில் இரண்டும் இருந்தும் வரவில்லை என்றால் கணினியில் இருக்கும் ஆப் பழையது. பல வருடம் முன்பு நிறுவிய பிட்ஜினை இன்னும் வைத்திருப்பவர்கள் டினோவுக்கோ கஜிமுக்கோ மாறுங்கள்.

காப்பகம் புரோசடியில் இயல்பாக ஒரு வாரம்தான். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து கணினியைத் திறந்தவருக்கு முதல் மூன்று நாள் செய்திகள் வராது. நான் எங்கள் சர்வரில் ஒரு மாதமாக நீட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் சரி, ஆனாலும் ஒரு கருவிக்கு மட்டும் எதுவுமே வரவில்லை என்றால் அந்த ஆப்பில் முன்னுரிமை எண்ணைப் பாருங்கள். யாரோ அதைக் கழித்தல் எண்ணாக மாற்றியிருப்பார்கள். முன்னுரிமை சுழியத்துக்குக் கீழே போனால் அந்தக் கருவிக்குச் சாதாரணச் செய்திகளை அனுப்பக் கூடாது என்பது விதி.

## "மெசேஜ் வருது, படிக்க முடியலை"

ஓமீமோ பூட்டு. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி.

புதுப் போன் வாங்கியிருந்தால்: பழைய செய்திகள் புதுச் சாவிக்குத் திறக்காது. அது பழுது அல்ல, பூட்டு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். பழைய போனில் கான்வர்சேஷன்ஸின் காப்புப் பிரதியை எடுத்து வைத்திருந்தால் வரலாறு திரும்பக் கிடைக்கும். போனைக் கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு கேட்டால் யாராலும் முடியாது.

புதுச் செய்திகளும் திறக்கவில்லை என்றால்: எதிராளியின் கருவிப் பட்டியலைத் திறந்து புதுச் சாவியை நம்பகமானதாகக் குறியுங்கள். நேரில் சந்திக்கும்போது கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துகொள்வது இன்னும் நல்லது. பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது நான் இதைத்தான் முதல் வேலையாகச் செய்ய வைக்கிறேன். பயன்பாட்டில் இல்லாத பழைய கருவிகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

குழுவில் மட்டும் பூட்டுப் போட முடியவில்லை என்றால்: உறுப்பினர் மட்டும் நுழையக்கூடியதாகவும், உறுப்பினர்களின் முகவரி ஒருவருக்கொருவர் தெரியும்படியும் குழுவை அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய சாவிக்குப் பூட்டுவது என்று ஆப்புக்குத் தெரியாது.

## "படம் போகலை"

முதலில் அளவு. புரோசடியில் ஒரு கோப்புக்கு இயல்பான எல்லை 10 எம்பி. ஒரு ஆள் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடியதற்கும் எல்லை உண்டு, இயல்பாக 100 எம்பி. தங்கை கல்யாணத்துக்கு மறுநாள் நான்கு பேர் ஒரே நேரத்தில் வீடியோக்களை ஏற்றத் தொடங்கி, மதியத்துக்குள் நான்கு பேருக்கும் நின்றுவிட்டது. எல்லையைக் கூட்டலாம். கூட்டுவதற்கு முன் டிஸ்க்கைப் பாருங்கள்.

சிறிய படமும் போகவில்லை, யாருக்கும் போகவில்லை என்றால் ஏற்றும் துணை டொமைனின் டிஎன்எஸ் பதிவு, அதன் சான்றிதழ், 5281 போர்ட். இந்த வரிசையில்.

போன படம் பிறகு காணாமல் போகிறது என்றால், சர்வர் அதை ஒரு வாரத்தில் அழித்துவிடுகிறது. வேண்டிய படத்தை அன்றே போனில் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

## "வெளி ஆளுக்கு மட்டும் போகலை"

எதிராளியின் முகவரி ஜிமெயில் என்றால் இனி போகாது. 2005-இல் வந்த கூகுள் டாக் ஜாபர் நெறிமுறையில்தான் ஓடியது, 2006-இல் மற்ற சர்வர்களுக்கும் கதவைத் திறந்தது. அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து என் சொந்த முகவரியில் ஜிமெயில்காரர்களோடு பேசியிருக்கிறேன். 2013-இல் ஹேங்கவுட்ஸ் வந்தது, அதில் வெளி சர்வர்களுக்குக் கதவே இல்லை. 2022-இல் கூகுள் டாக்கே முடிந்தது. அந்த நினைவில் இன்னும் ஜிமெயில் முகவரியைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது ஒரு ஜாபர் சர்வரில் கணக்குத் திறந்து கொடுங்கள். வாட்ஸ்அப் எண்ணும் இதே கதைதான். இத்தனை தொல்லைப்பட்டு எங்கள் சர்வரை நான் ஓட்டுவதே, யாரோ ஒருவர் சாத்தினால் மொத்தமாகச் சாத்திவிடக்கூடிய ஒரே கதவை நம்பி எங்கள் குடும்பம் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான்.

ஒரே ஒரு வெளி சர்வரோடு மட்டும் பிரச்சினை என்றால் பழுது அங்கே இருக்கலாம். லாக்கில் அந்த டொமைனின் பெயரைத் தேடுங்கள். சான்றிதழ் காலாவதி என்று இருந்தால் அவர்களுக்குத் தெரிவியுங்கள், நம் பக்கம் விதியைத் தளர்த்த வேண்டாம்.

எந்த வெளி சர்வரோடும் முடியவில்லை என்றால் 5269 போர்ட். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் வாசல் அது. ஃபயர்வாலில் 5222-ஐத் திறந்துவிட்டு இதை மறப்பது வழக்கம். பிறகு சர்வருக்கான எஸ்ஆர்வி பதிவு சரியான பெயரைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

சர்வர் வீட்டிலேயே இருக்கிறது, வீட்டுக்குள்ளிருந்து எல்லாம் சரி, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்றால் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. ரூட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே வராது. இதைத் தெரியாமல் நான் ஒரு மாதம் ரூட்டரோடு மல்லுக்கட்டினேன். நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேளுங்கள், தனிக் கட்டணம் இருக்கும். தரவில்லை என்றால் வாடகை சர்வருக்கு மாறுங்கள். நான் மாறியது இதனால்தான்.

## "கரண்ட் போய் வந்ததுலேர்ந்து எதுவுமே இல்லை"

வீட்டில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு. முதலில் ரூட்டர் முழுதாக எழுந்து நிற்க ஐந்து நிமிடம் கொடுங்கள். பிறகு பொது ஐபி மாறிவிட்டதா, டிஎன்எஸ் பழையதையே காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு சர்வர் கணினியின் கடிகாரம். பிறகு புரோசடி தானாகத் தொடங்கும்படி அமைத்திருக்கிறதா என்பது.

இத்தனைக்கும் பிறகு கணினியே எழவில்லை என்றால் டிஸ்க். மெமரி கார்டில் ஓடும் சின்னக் கணினிகள் மின்வெட்டில் கார்டைக் கெடுத்துக்கொள்ளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நண்பர் ஒருவர் வீட்டில் மின்சாரம் மூன்று முறை வந்து வந்து போனது. மூன்றாவது முறை அவருடைய கார்டு எழவில்லை. வெளியே முழங்கால் தண்ணீர். காப்புப் பிரதி அதே கார்டில்தான் இருந்தது.

கார்டில் இருப்பது மீண்டும் கிடைக்காத விஷயம் என்றால், சரிபார்க்கும் மென்பொருள் எதையும் அதன்மேல் ஓட்டாதீர்கள். மறுபடி மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். அப்படியே எடுத்துத் தரவு மீட்பவரிடம் கொடுங்கள், கொடுப்பதற்கு முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்குகளும் தொடர்புப் பட்டியலும் மட்டும்தான் என்றால் அந்தச் செலவு வேண்டாம். புதுக் கார்டு போட்டு, நாற்பது பேருக்கும் போன் செய்து, பாஸ்வேர்ட் கொடுத்து மறுபடி சேர்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அந்த நண்பர் அப்படித்தான் செய்தார். காப்புப் பிரதியை இப்போது என் சர்வரில் வைத்திருக்கிறார், என்னுடையது அவர் வீட்டில் இருக்கிறது.